ஓர் எழுத்தும் விடாதவர்

"டை… அர்… ஹோ… ஏ… யா."

ஆஸ்பத்திரிச் சீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக இறக்கிவைக்கிறார் ஜெக்கரியா பாய். நெல்லை மரக்காலில் அளந்து போடுகிறவரின் நிதானம் அவருக்கு. எதிரே குஞ்சிதபாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்து நிற்கிறார்.

"பாய், நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஒருதரம் போயிட்டு வந்துடுவேன் போலருக்கு. வயித்துப்போக்குன்னு சொல்லித் தொலைங்களேன்."

"அதை நீங்களே சொல்லிக்கலாமே, எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? டாக்டரு மெனக்கெட்டு இத்தனை எழுத்து எழுதியிருக்காரு. இருங்க, ஆர் ரெண்டு இருக்கு. ஒண்ணத்தான் சொல்லியிருக்கேன்."

அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நிமிர்ந்து பார்த்தபோது குஞ்சிதபாதம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

பாபநாசம் கடைத்தெருவில் ஜெக்கரியா பாய் வைத்திருப்பது எஸ்.டி.டி. பூத். வெளியே மஞ்சள் பலகை, உள்ளே ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் கண்ணாடி அறை. நான் அடுத்த கடையில் தையல் மிஷின் போட்டிருப்பதால் அவர் குரல் காலையிலிருந்து ராத்திரி இஷா தொழுகை வரைக்கும் என் காதில்தான். ஒடிசலான உடம்பு, மருதாணி போட்ட தாடி, வலது கையில் சிவப்புக் கல் வைத்த வெள்ளி மோதிரம். சுற்றுப்பட்டில் வீட்டுக்கு ஒருவர் துபாய், கத்தார், குவைத் என்று போய்விட்டதால் பூத்தில் எப்போதும் கூட்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் வரிசை என் கடை வாசல் வரை வரும். போன் பேச வருகிறவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையோடு கொண்டுவந்து நீட்டுவார்கள். பாய் இங்கிலீஷ் தெரிந்தவர். வெளிநாட்டுக் கப்பலில் இருந்தவர்.

அவர் இங்கிலீஷில் ஒரே ஒரு சட்டம். எழுதியிருந்தால் சொல்லவேண்டும். அவ்வளவுதான். எழுத்தை எழுதிவிட்டு வாயில் விழுங்குவது அவரைப் பொறுத்தவரை பிறர் சொத்தைச் சாப்பிடுவது. நிமோனியா அவர் வாயில் 'ப்நெவ்மோனியா'. சைக்காலஜி 'ப்ஸைக்காலஜி'. ஹெச் இல்லாமல் 'ஆனஸ்ட்' என்று யாராவது சொன்னால், "நேர்மைங்கிற வார்த்தையிலயே ஒரு எழுத்த அமுக்கிட்டா அப்புறம் என்ன நேர்மை?" என்பார்.

ஒருமுறை வீரையன் தோல் டாக்டர் கொடுத்த சீட்டோடு வந்தார். கும்பகோணம் சாலையில் குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். முழங்கையில் செதில் செதிலாக உதிர்கிறது என்று போயிருக்கிறார். பாய் சீட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ப்… ஸோ… ரி… யா… ஸிஸ்" என்றார். அந்த முதல் 'ப்' கதவைச் சாத்துகிற சத்தம்போல விழுந்தது. வீரையன் என் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாத்து விட்டிருக்கேன் பாய். பறிச்சு நடுற வரைக்குமாவது தாங்குமா?"

"எது?"

"உசுருதான்."

"அட, நீங்க வேற! தோல் வியாதிங்க. களிம்பு எழுதியிருக்காரு. போய்த் தடவுங்க."

"அதுக்கா இந்த இடி இடிச்சீங்க?" என்று வீரையன் எழுந்தார். அன்றிலிருந்து அவர் சீட்டை வேறு யாரிடமாவது காட்டி, உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பாயிடம் கொண்டுவருகிறார். கொண்டுவராமல் இருப்பதில்லை. டாக்டர் வாங்கிய பணத்துக்கு வியாதியின் பெயரை முழுசாகக் கேட்க வேண்டாமா என்கிறார்.

இந்தச் சட்டம் பாய்க்கு இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று ஓதப்பள்ளி. சிறுவயதில் அரபு ஓதக் கற்றுக்கொடுத்த ஹஜ்ரத், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஹக்கு, அதாவது ஓர் உரிமை, உண்டு என்று சொல்லி, அதைச் சரியான இடத்திலிருந்து எழுப்பும்வரை பையன்களை விடமாட்டாராம். நானும் அதே பள்ளியில் அதே பிரம்புக்குப் பயந்து ஓதியவன்தான். எனக்கு அது ஓதுவதோடு நின்றது. பாய்க்கு இங்கிலீஷுக்கும் பரவிவிட்டது.

இரண்டாவது, கப்பல். வாலிபத்தில் ஒரு கிரேக்கர் கப்பலில் அடுப்படி வேலை பார்த்தார். நடுக்கடலில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, கோஸ்டாஸ் என்ற கிரேக்க இன்ஜினீயர்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாராம். நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு அவர் சொன்ன வார்த்தை 'ப்நெவ்மோனியா'.

"உசுரு போற நேரத்துல கேட்ட வார்த்தைங்க. மறக்குமா? அது அவங்க ஊரு வார்த்தை. அவங்க முழுசாத்தான் சொல்றாங்க. வெள்ளைக்காரன் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, வாசல்லயே தலைய வெட்டிட்டான்."

அடுத்துச் சொல்வதை மட்டும் அவர் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். "வார்த்தையும் வெளிநாடு போற நம்ம சபுராளிங்க மாதிரிதான். பொழைக்கப் போன எடத்துல பேரச் சுருக்கிடுவான். கப்பல்ல என்னைய 'ஜாக்'குன்னாங்க. குவைத்துல ஒரு வீட்டுல வேலைக்கு இருந்தேன், அங்க 'ஜாகி'. ஊருக்கு வந்து எறங்கி, எங்கம்மா 'ஜெக்கரியா'ன்னு முழுசாக் கூப்பிட்டப்ப, யாரையோ கூப்பிடுறாங்கன்னு நின்னேன்."

சொல்லிவிட்டு உடனே மீட்டரைத் தட்டிப் பார்ப்பார்.

இதெல்லாம் இருக்கட்டும். ஊருக்குப் பெரிய தொந்தரவு அந்த மோதிரம். கண்ணாடி அறைக்குள் பேசுகிறவர் எழுத்தை விழுங்கினால், வெளியிலிருந்து மோதிரத்தால் கண்ணாடியில் 'டொக்' என்று ஒரு தட்டு. பேசுகிறவர் திரும்பிப் பார்த்தால், உதட்டைக் குவித்துச் சரியாகச் சொல்லிக்காட்டுவார். ஒருநாள் ரசியா பேகம் துபாயில் இருக்கும் கணவரிடம் அழுதுகொண்டே, "புள்ளைக்கு நிமோனியான்னுட்டாங்க" என்றார். டொக்.

ரசியா பேகம் போனைக் கையில் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தார். "பாய், காய்ச்சல் எம்புள்ளைக்கா, ஒங்க எழுத்துக்கா?"

பாய் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றார். அன்று மஃரிப் தொழுகையில் அந்தப் பிள்ளைக்காக அவர் துஆ கேட்டது அடுத்த வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. அல்லாஹ் கிருபையால் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அந்தத் துஆவிலும் நோயின் பெயரை அவர் முழுசாகத்தான் சொன்னார்.

பாய்க்கு ஒரே மகள், ரிஃப்கா. தஞ்சாவூரில் நர்சுக்குப் படித்தவள். சென்ற வருஷம் ஜாஃபர் சாதிக் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல பிள்ளை, தோஹாவில் ஒரு கடையில் நிற்கிறான். லீவு முடிந்ததும் போய்விட்டான். அவன் வாங்குகிற சம்பளத்துக்குப் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொள்ள விசா கிடைக்காது. ரிஃப்காவுக்கே அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தால்தான் இருவரும் ஒரு கூரைக்குக் கீழே இருக்க முடியும். இல்லாவிட்டால் கண்ணாடி அறைக்குள் நின்று குடும்பம் நடத்தவேண்டியதுதான். வெள்ளிக்கிழமைகளில் அவள் "மச்சான்" என்று தொடங்கியதும் நாங்களெல்லாம் வேறு பக்கம் பார்ப்போம்.

சென்னையில் முதல் இன்டர்வியூ முடிந்து பெயர் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். தோஹா ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். பூத் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் பாடம். சோறு போடும்போது பாய் கேட்பார், "நெஞ்சுச்சளி முத்தினா?" ரிஃப்கா "நிமோனியா" என்பாள். மோதிரம் தட்டில் விழும். டொக். மனைவி கமருன்னிஸா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கரண்டியோடு வந்துவிட்டார்.

"எம்மக மாப்பிள்ளகிட்ட போறாளா, ஒங்க கோஸ்டாசுகிட்ட போறாளா?"

போன் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ரிஃப்கா பூத்துக்கே வந்தாள். நான் ஒரு பிளவுசுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"சென்னையிலயே பயத்துல எனக்கு ஒங்க 'ப்'பு வந்துடுச்சு. அந்தம்மா என்ன, என்னன்னு மூணு தடவ கேட்டாங்க. அப்புறம் காகிதத்துல எழுதிக் காட்டினேன். நாளைக்குப் போன்ல எதுல எழுதிக் காட்டுவேன்? பயந்தா ஒங்க நாக்குதான் என் வாய்க்கு முன்னாடி வருது."

பாய் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "எழுத்துக்கு ஹக்கு இருக்கும்மா."

"நீங்கதானே எனக்கு ஓதக் கத்துக்கொடுத்தீங்க? சில எடத்துல லாமுங்கிற எழுத்து எழுதியிருக்கும், வாயில வராது. சின்னப்புள்ளையில அதக் கேட்டேன். என்ன சொன்னீங்க?"

பாய் பேனாவை மறுபடி நேராக வைத்தார்.

"'லாமு எங்கயும் போகல, அடுத்த எழுத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிக்குது'ன்னீங்க. அது ஹக்கு போனதாவா ஆச்சு?"

டீ வந்தது. பாய் எடுக்கவில்லை. ஆடை கட்டிய பிறகு, "போகல" என்றார். டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு, "நாளைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போயிடவா?" என்றார்.

"வேணாம் அத்தா. நீங்க இல்லன்னா இன்னும் பயமாருக்கும். கண்ணாடியத் தட்டாம இருந்தாப் போதும்."

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு நேராக பூத்துக்கு வந்தோம். மற்றவர்களுக்குப் போன் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் பாய். ரிஃப்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாய் மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினார். விரல் கணு விடவில்லை. எச்சில் தொட்டு உருவி, என் கையில் வைத்தார்.

"நீ வச்சிரு. நான் கேட்டாலும் குடுக்காத."

மணி அடித்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. படித்தது அஞ்சாவது. ரிஃப்கா 'எஸ் மேடம்' என்பதும், மூச்சு வாங்குவதும், முந்தானையை விரலில் சுற்றுவதும்தான் எனக்குத் தெரிந்தது. பாய் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கேள்வி வந்தது. ரிஃப்கா நிறுத்தினாள். கண்ணாடி வழியாக அவள் கண் வெளியே வந்து பாயைத் தேடியது. என்ன வார்த்தை என்று எனக்குக்கூடத் தெரிந்துவிட்டது. தெருவுக்கே தெரிந்த வார்த்தை. பாயின் வெறும் விரல் மடங்கிக் கண்ணாடி வரைக்கும் போனது.

"அண்ணே," என்றேன் மெதுவாக.

விரல் திரும்பிவந்தது. அவர் சுவரோரமாக, அவளுக்கு நேரே இல்லாமல், ஓரெட்டு ஒதுங்கி நின்றார்.

"நிமோனியா," என்றாள் ரிஃப்கா. தண்ணீர் மாதிரி வந்தது. அதற்குமேல் அவளை நிறுத்த ஆளில்லை. எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் சிரித்தாள். மறுபடி மறுபடி 'எஸ் மேடம்' என்றாள். போனை வைத்ததும் அவள் வெளியே வரவில்லை. உள்ளேயே நின்று, தன் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினாள். டொக். டொக். டொக். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியாமல், கமருன்னிஸாவைக் கூப்பிட நான் ஓடினேன்.

திரும்பி வந்தபோது கடைவாசலில் குஞ்சிதபாதம் நின்றிருந்தார். வயிறு சரியாகி, முகம் தெளிந்திருந்தது.

"என்ன பாய், ஒரே கொண்டாட்டமா இருக்கு?"

"மகளுக்கு தோஹாவுல வேலை கெடச்சிருச்சுங்க. அடுத்த மாசம் மாப்பிள்ளகிட்ட போறா. அல்ஹம்துலில்லாஹ்."

"அடி சக்கை! போன்ல அப்படி என்னதான் கேட்டாங்க?"

பாய் சொல்ல வாயெடுத்தார். இரண்டு உதடும் ஒருமுறை இறுகச் சேர்ந்தன. சத்தம் வரவில்லை. பூட்டித் திறப்பதுபோல மெல்லத் திறந்தார்.

"நிமோனியா," என்றார்.