அக்காவின் கார்டில் வந்தவள்

பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வரும் அந்த மருத்துவமனையில் மைதிலி பதினோரு வருடமாக நர்ஸ். அன்று காலை ஊசிச் சீட்டைப் பார்த்து, "மருதாள்!" என்று மூன்று முறை கூப்பிட்டாள். எதிரிலேயே காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த பெண், பக்கத்தில் இருந்தவள் இடித்த பிறகுதான் எழுந்தாள்.

மைதிலிக்குப் புரிந்துவிட்டது. ஆதாரில் பிழை இருந்தால் அக்கா பெயரிலோ நாத்தனார் பெயரிலோ வேலைக்குச் சேருவது இங்கே நடப்பதுதான். மருத்துவக் கார்டும் அந்தப் பெயரிலேயே வந்துவிடும்.

சீட்டில் பென்சிலின். மருதாளின் பழைய பதிவில் 'ஒவ்வாமை இல்லை' என்று இருந்தது. எந்த உடம்புக்கு?

திரைக்குப் பின்னால் அழைத்துப்போனாள்.

"கம்பெனிக்குச் சொல்ல மாட்டேனுங்க. ஊசி போட்டு எப்பவாச்சும் மூச்சு முட்டுச்சுங்களா?"

அவள் அழுதுவிட்டாள். "சின்னப்புள்ளையில பென்சிலின் போட்டு மூஞ்செல்லாம் வீங்கிருச்சுக்கா. பொழச்சதே பெருசும்பாக. நா ராமுத்தாய். கார்டு அக்காவோடது. வேலையக் கெடுத்துராதீகக்கா."

டாக்டர் மருந்தை மாற்றினார். ஆனால் நாளை ராமுத்தாய் இதே கார்டோடு வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்கேயும் மருதாளின் பதிவுதான் பேசும். அதில் திருத்தி எழுதினாலோ, ஊரிலிருக்கும் மருதாளுக்கு இல்லாத ஒவ்வாமை ஒட்டிக்கொள்ளும்.

அதனால் மைதிலி ஒரு சீட்டு எழுதி ராமுத்தாயிடம் கொடுத்தாள்: 'இதை வைத்திருப்பவருக்குப் பென்சிலின் கூடாது.' பெயர் போடவில்லை. ஊசிக்கு முன் கார்டைப் பார்ப்பதோடு நிற்காமல் ஆளையும் கேட்க வேண்டும், கையில் சீட்டு இருந்தால் நம்ப வேண்டும் என்று கண்காணிப்பாளர் கிட்டுசாமியிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, மோசடிக்கு நாமளே வழி காட்டறதுங்களா?"

"மோசடின்னே வெச்சுக்குங்க சார். அதுக்குத் தண்டனை ஊசியாங்க?"

"நம்ம ஆஸ்பத்திரில மட்டும் செய்யுங்க" என்றார் கிட்டுசாமி.

அது பாதிதான். ராமுத்தாய் எந்த வாசலில் மயங்கி விழுவாள் என்று யாருக்குத் தெரியும்? விடுப்பு நாளில் மைதிலி ஒரு மாதிரிச் சீட்டோடு பஸ் ஏறினாள். பல்லடம் பக்கத்து மருத்துவமனையில் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஊரில் தலைமை நர்ஸ் மாதிரிச் சீட்டைத் திருப்பி நீட்டினார்.

"பேரில்லாத பேப்பரெல்லாம் இங்க எடுக்கறதில்லீங்க."

மைதிலி அதை வாங்கக் கை நீட்டவில்லை. "இங்க ஊசி போடறது யாருங்க? அவங்ககிட்டயே சொல்லிட்டுப் போறேன்" என்று சொல்லி, ஊசி அறை இருந்த பக்கம் நடந்தாள்.