பலகையின் வலது பக்கம்

சபாபதி இறந்துவிட்டதாக அண்ணி எழுதியிருந்தார். சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்தவர் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே சாய்ந்துவிட்டாராம். மூன்றே வரிக் கடிதம். கடைசி வரி: காரணம் தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கரும்பலகை நினைவிருக்கும். எழுபத்தொன்றில், போர் நடந்த நாட்களில், எங்கள் பிளாக் படிப்பகத்தின் வாசலில் மாட்டினார். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், நம் படை முன்னேறிய செய்தி. வலது பக்கம், பின்வாங்கியது, இழந்தது. எந்த வானொலியில் கேட்டது, எந்தப் பத்திரிகையில் படித்தது என்பதும் இருக்கும்.

வலது பக்கம் பலருக்குப் பிடிக்கவில்லை.

“என்ன சபாபதி, சம்பளம் அந்த நாட்டுலேருந்து வருதா?”

“சுரங்கத்துல மிஷின் ஓடின நேரமும் எழுதுறோம், நின்ன நேரமும் எழுதுறோம். நின்னதை மறைச்சா அடுத்த ஷிப்டுக்காரன்தான் மாட்டுவான்.”

என் அண்ணன் மேற்கு எல்லையில் இருந்தார். கடிதம் நின்றுபோயிருந்தது. அண்ணி வானொலி கேட்பதை விட்டுவிட்டார். “அதுல தினம் ஜெயிச்சிக்கினே இருக்காங்க. அப்புறம் ஏன் லெட்டர் வரல?” காலையில் பலகைக்கு மட்டும் போவார்.

ஒருநாள் வலது பக்கம் காலி. இடது பக்கம் நிறைய எழுத்து. கூட்டம் கைதட்டியது. அண்ணி தட்டவில்லை.

“காலியா விட்டிருக்கீங்களே, எங்க வூட்டுக்காரர் இருக்கிற எடமா, அண்ணே?”

சபாபதி சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கப் போனார்.

“நீங்க எழுதலன்னாதான் பயமா இருக்கு. எழுதுங்க. நின்னு படிக்கிறேன்.”

எழுதினார். அந்தப் பகுதியில் ஒரு காவல் முனை கைவிடப்பட்டது. உயிரிழப்பு உண்டு. கொஞ்சம் தயங்கி, கீழே இன்னொரு வரி: பெயர்கள் தெரியவில்லை.

அண்ணி அதை இரண்டு முறை படித்தார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பதினொரு நாள் இருந்தார்.

பிறகு தந்தி வந்தது. சில மாதம் கழித்து அண்ணன் வந்தார். ஒரு கால் வரவில்லை.

சபாபதி வீட்டுக்கு வந்து அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்தார். அண்ணியிடம் சொன்னார்: “அன்னிக்கு உன்மேல இரக்கப்பட்டு எழுதாம விட்டுட்டேம்மா. தப்பு.”

“எழுதிட்டீங்கல்ல,” என்றார் அண்ணி.

நான் இப்போது ஒரு பத்திரிகையில் செய்தி மொழிபெயர்க்கிறேன். வெற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கண் வலது பக்கம் போகிறது. தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்.

அண்ணியும் வைத்திருக்கிறார். கடிதத்தின் கடைசி வரியில் பார்த்தேன்.