தகரச் சந்தில் வந்த கை

பாம்பூ கிராமத்தில் தெய்வானையின் மாட்டைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. அதன் குரலைக் கேட்டிருக்கிறார்கள், பாலைக் குடித்திருக்கிறார்கள். மாடு மட்டும் கண்ணில் படாது. கரும்புத் தோட்டத்தை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில் அவள் கொட்டில் இருந்தது. அறுபதில் அடித்த கரோல் புயல் பிய்த்துப் போட்ட தகரங்களைப் பொறுக்கி நாலு பக்கமும் அடைத்து, கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தாள். தமிழர்கள் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த அந்தத் தீவில் மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாருமே கொட்டிலுக்குள் கட்டி, புல் அறுத்து வந்து போடுகிறவர்கள்தான். ஆனால் இரண்டு பூட்டு என்பது தெய்வானையின் சொந்தக் கண்டுபிடிப்பு.

கேட்டால், "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்பாள். கடைக்காரர் தராசை அவள் நம்பமாட்டாள். பால்காரன் படியை நம்பமாட்டாள். கோயிலில் பூசாரி விபூதி கொடுத்தால் அதையும் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வாள்.

சும்மா வந்த குணமில்லை அது. அவள் புருஷன் ஐயாசாமி வெள்ளந்தி. இருபது வருஷத்துக்கு முன்னால், "இப்படி ஒரு அழகு மாட்டை நான் கண்டதே இல்லை" என்று ஒரு தரகன் புகழ்ந்து நின்றதில் மயங்கி, மோகாவில் நல்ல வீட்டுக்குப் போகிறது என்று நம்பி, கறவை மாட்டை விற்றுவிட்டார். எட்டாம் நாள் அதன் கழுத்து மணி இறைச்சிக்காரன் வண்டியில் தொங்குவதைத் தெய்வானை பார்த்தாள். அன்றிலிருந்து மாட்டைப் புகழ்கிற வாயை அவள் நம்பியதே இல்லை. ஐயாசாமியும் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மாடுதான். காலையில் கறக்கிற பால் பால்காரன் கேனில் ஏறித் தேநீர்க் கடைக்கும் தோட்டத்து அதிகாரி வீட்டுக்கும் போனால் அவள் அடுப்பில் உலை கொதிக்கும். பால் நின்றால் உலையும் நிற்கும். பால் வற்றிய மாட்டை வாங்குகிறவன் யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவள் வாசலில்தான், புயலுக்கு அடுத்த வருஷம், லுசியான் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

லுசியான் போர்ட் லூயி நகரத்தில் டிராங்கெபார் பேட்டைக்காரன். மாதா கோயிலுக்குப் போகிறவன். முப்பாட்டன் விட்டுப்போன குடும்பப் பெயர் மட்டும் இன்னும் தமிழ்ப் பெயர்தான். அவனுடைய அப்பா துறைமுகத்தில் சர்க்கரை மூட்டைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். லாரி வந்தது, மாடுகள் போயின, மகன் லாரி ஓட்டக் கற்று பஸ்ஸுக்கு வந்தான். ஆனால் மாட்டைக் கண்டால் அவன் கால் தானாக பிரேக்கில் போய் விழும். ரோட்டில் பசு எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொட்டு, "போன்சூர் மதாம்" என்பான். காளையென்றால் "போன்சூர் மிஸ்யே". நடுரோட்டில் மாடு படுத்திருந்தால் ஹார்ன் அடிக்கமாட்டான், இறங்கிப் போய்ப் பேசிப் பார்ப்பான். அந்தப் பஸ்ஸில் வேலைக்குத் தாமதமாகப் போகிறவர்கள், "வழியில மாடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேஸ்திரிகள் மேற்கொண்டு கேட்பதில்லை.

அந்த வளைவில், தோட்டத்து ஆட்கள் ஏறுவதற்காக, காலை ஆறுக்குக் கால்மணி முன்னால் பஸ் இரண்டு நிமிஷம் நிற்கும். தூரத்திலேயே இரண்டு நீள ஹார்ன், ஒரு குட்டை ஹார்ன். முதல் நாள் "போன்சூர் மதாம்" என்று வெளியே குரல் கேட்டதும், கறந்துகொண்டிருந்த தெய்வானை தனக்கென்று நினைத்து உள்ளிருந்தே பதில் சொன்னாள். அடுத்த கணம் தகரச் சந்து வழியாக ஒரு கை வந்தது. ரோமம் அடர்ந்த கை, மணிக்கட்டில் மாதா பதக்கம், பிடிக்குள் காலிஃபிளவர் இலை. மாடு நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டது. வணக்கம் தனக்கில்லை, மாட்டுக்கு என்று புரிந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இந்த இலை?" என்றாள் தகரத்துக்கு உள்ளிருந்து. வீட்டிலும் ரோட்டிலும் அவளுக்குத் தீவின் கிரியோல் பாஷைதான். தமிழ் மிச்சமிருந்தது சாமிக்கும் மாட்டுக்கும் மட்டும். இருவருமே திருப்பிப் பேசாததால், பிழை இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

"மார்க்கெட்ல சும்மா போடுறாங்க மதாம். இவங்க பேரு என்ன?"

"பேரெல்லாம் இல்ல."

"கதவைத் திறந்தா ஒரு தரம் பாத்துட்டுப் போவேன்."

"பஸ்ஸைப் பாருங்க."

இரண்டு வருஷம் இதே பேச்சு. இரண்டு வருஷமும் லுசியான் பார்த்தது சந்தில் தெரிந்த ஒரு ஈர மூக்கை மட்டும். சந்தை அடைக்க அவள் இரண்டு முறை தகரம் தேடினாள். ஆனால் காசில்லாமல் வருகிற தீவனத்தை விடவும் மனசு வரவில்லை. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் இது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு இலையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அறுபத்து மூன்றில் மாட்டின் கன்று செத்துப்போனது. கன்று செத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்று ஊரே பயமுறுத்தியது. ஆனால் பால் குறையவில்லை. முருகனுக்கு நேர்ந்துகொண்ட பால்குடம்தான் காரணம் என்று தெய்வானை அடித்துச் சொன்னாள்.

அந்த மாதமே மார்க்கெட்டுக்குப் போனவள், மாட்டிறைச்சிக் கடை வாசலில் லுசியான் கடைக்காரனோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்தாள். பக்கத்துக் காய்கறிக் கடையில் அவன் இலை மூட்டை கட்டி வைத்திருந்ததும் கண்ணில் பட்டது. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தீனி போட்டுக் கொழுக்க வைப்பது, எந்த வளைவில் மாடு இருக்கிறது என்று சொல்வது, கமிஷன் வாங்குவது. எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

நேரே போய் மூன்று பஸ்ஸுக்குச் சொந்தக்காரரான துரைசாமி முன்னால் நின்றாள்.

"தம்பி, உன் டிரைவர் இறைச்சிக்காரனுக்கு மாடு பாத்துக் குடுக்கிறான். நான் சொன்னேன்னு சொல்லாத."

துரைசாமிக்குக் கோயில் கமிட்டியில் இடம் உண்டு, வரப்போகிற தேர்தலில் ஒரு கட்சிக்காரருக்கு வேண்டியவரும்கூட. இப்படி ஒரு பேச்சு அவருக்கு ஆகாது. மறுநாளே லுசியானை மோகா ரூட்டுக்கு மாற்றினார். பாம்பூவுக்கு க்ளோட் என்று ஒருவன் வந்தான். மாடு இருக்கிறதா எருமை இருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்காதவன். தெய்வானைக்கு நிம்மதி.

நிம்மதி மறுநாள் காலை வரைதான். மடி நிறைந்திருந்தது, காம்பில் பால் இறங்கவில்லை. தேய்த்தாள், தடவினாள், தமிழில் கொஞ்சினாள், கிரியோலில் திட்டினாள். ஒரு செம்பு வந்தது. மூன்றாம் நாள் அதுவும் அரைச் செம்பாயிற்று. பால்காரன் வெறும் கேனை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

"இலையிலதான் வச்சிருக்கான்!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போகும்போது செய்வினை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! எலுமிச்சம்பழம் அறுத்தாள், கொட்டிலைச் சுற்றிக் கற்பூரம் காட்டினாள். பூசாரி மந்திரித்த கயிறு கொடுத்தார். கயிறு மாட்டின் கழுத்தில் இருந்தது, பால் மாட்டின் மடியிலேயே இருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவள் சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். கடற்கரைக்குப் போகிற உல்லாசக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஒரு வாடகைப் பஸ் வளைவில் வந்தது. இரண்டு நீள ஹார்ன், ஒரு குட்டை ஹார்ன். பஸ் நிற்கவில்லை. சந்து வழியாகப் பார்த்தவளுக்கு ஸ்டியரிங்கில் இருந்த லுசியானின் முகம் ஒரு கணம் தெரிந்தது. கொட்டிலைப் பார்த்தபடியே போனான். பின்னால் ஏதோ சொட்டுகிற சத்தம். திரும்பினாள். யாரும் தொடாமலே காம்பிலிருந்து பால் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாடு காதை விறைத்து, சந்தை நோக்கி மூக்கை நீட்டியிருந்தது.

தெய்வானை சாணக் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பால்குடமும் இல்லை, செய்வினையும் இல்லை. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று ஐயாசாமி சொல்வார். இது ஹார்னுக்குக் கறக்கிற மாடு! கையில் இருந்த சோற்றைத் தானே தட்டிவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்தது.

இருந்தாலும் அவனிடம் போக மனசு வரவில்லை. கோயில் சங்கை இரவல் வாங்கி ஊதினாள். மாடு மிரண்டு வாளியை உதைத்தது. க்ளோட்டைக் கெஞ்சி அந்த மாதிரி அடிக்கச் சொன்னாள். அவன் இரண்டு குட்டை ஒரு நீளம் அடித்தான், மாடு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் லுசியானைத் திரும்பப் போடச் சொல்லித் துரைசாமியிடமே போனாள்; அவனைக் கேட்டுவிட்டு மறுநாள் அவர் சொன்னார்:

"அக்கா, நீங்கதானே அவன் ஆகாதுன்னீங்க? இப்ப நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான். பழி சொன்னவங்க நேரா வந்து முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்ங்கிறான். போயிட்டு வாங்க."

சனிக்கிழமை அவள் போர்ட் லூயிக்குப் பஸ் ஏறினாள். டிராங்கெபாரில் இறங்கி நடக்கும்போது, புடவைத் தலைப்பில் முடிந்த காசை நாலு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். லுசியான் வீட்டு வாசலில் அவன் மனைவி மரி-ஆஞ் வெனிலா போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தெய்வானை தொடவில்லை. அடுப்பில் கொதிக்கிற சட்டியின் வாசனையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கருவாடுதான் மதாம்" என்றான் லுசியான்.

அவளுக்கு முகம் சுட்டது. "நீங்க மாடு சாப்பிடுறவரா, இல்லையா?"

லுசியான் யோசித்தான். "யாராவது விருந்துல வச்சா சாப்பிட்டிருக்கேன். எனக்கு அறிமுகமான மாட்டைச் சாப்பிடுறதில்ல."

எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பொய் சொல்லியிருக்கலாமே, இவன் ஏன் சொல்லவில்லை? மாட்டைப் புகழ்ந்த தரகன் சொன்னதெல்லாம் பொய். இவன் இரண்டு வருஷத்தில் மாட்டை ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை, பெயர்தான் கேட்டான். நம்பித் தொலைக்க வேண்டியதாயிருந்தது.

"உங்களைப் பத்திச் சொன்னது நான்தான்" என்றாள், அவன் முகத்தைப் பார்த்து.

"மூணு வாரமா கண்டக்டர் என்னை இறைச்சிக்காரன்னு கூப்பிடுறான்" என்றான் லுசியான். "எங்கப்பா வண்டி மாடுங்க எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும் மதாம். அந்த வார்த்தையை மட்டும் நீங்க சொல்லியிருக்கக் கூடாது."

மரி-ஆஞ் தேநீர்க் கோப்பையை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள். தெய்வானை எடுத்துக் குடித்தாள், மோந்து பார்க்காமல்.

"தப்புதான். திங்கக்கிழமை வாங்க. கதவு திறந்திருக்கும்."

திங்கட்கிழமை ஆறுக்குக் கால்மணி முன்னால் இரண்டு நீள ஹார்ன், ஒரு குட்டை ஹார்ன் கேட்டபோது, இரண்டு பூட்டும் தரையில் கிடந்தன. தெய்வானை மாட்டை ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பஸ் ஜன்னல்களில் நாற்பது முகம். பாம்பூ ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டு, ஒரு கொம்பு வளைந்து, ஒரு காது கிழிந்து, கன்றுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பசு நின்றது.

"இதுக்கா ரெண்டு பூட்டு!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது.

லுசியான் சிரிக்கவில்லை. இறங்கி வந்து தொப்பியைக் கழற்றி, "போன்சூர் மதாம்" என்றான். மாடு நேராக அவன் கையிலிருந்த இலைக்குள் மூக்கை நுழைத்தது. தெய்வானை அங்கேயே, நாற்பது ஜோடிக் கண் பார்க்க, குந்தி உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தாள். வாளியில் நுரை ஏறிற்று.

"பேரு?" என்றான் லுசியான்.

தெய்வானை வாளியைவிட்டுத் தலை நிமிரவில்லை. "வள்ளி. என் வீட்டுக்காரர் வச்ச பேரு."

ஜன்னலோரத் தமிழ்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முருகனுக்குத் தெய்வானையோடு வள்ளியும் உண்டென்று லுசியானுக்கு யாரோ விளக்கினார்கள். "அப்ப மதாமுக்குச் சக்களத்தியா!" என்று அவனும் சிரித்துவிட்டான். தெய்வானைக்கும் சிரிப்பு வந்தது. ஐயாசாமி போன பிறகு அந்தப் பெயருக்கு அவள் சிரித்ததில்லை.

கறந்து முடித்து, புடவை மடியில் தயாராக முடிந்து வைத்திருந்த உப்பையும் மிளகாயையும் எடுத்து, மாட்டை மூன்று தரம் சுற்றினாள். மூன்றாவது ஜன்னல்காரி மாட்டின் மடியையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்காமலில்லை. பிறகு பஸ்ஸைப் பார்த்தாள். நாற்பது ஜோடிக் கண்ணும் மாட்டின் மேல் மட்டுமா விழுந்தன? பக்கத்தில் நின்ற இவன்மேலும்தானே.

டிரைவர் ஜன்னலுக்குப் போய், அதற்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த லுசியானின் தலையைச் சுற்றி அதே கையை மூன்று தரம் சுற்றினாள். பிறகு முஷ்டியை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"மூணு தரம் துப்புங்க."

"எதுக்கு மதாம்?"

"கேக்காம துப்புங்க. ஊர்க்கண்ணு பொல்லாதது. யாரையும் நம்பக் கூடாது."

லுசியான் துப்பினான்.