ரஷ்ய மொழியில் எவன் படிக்கப் போகிறான்

உடையப்பனுக்கு வீட்டில் வாய் கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அது திறக்கும். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். முதலாளிகள் தோட்டத்தை விற்றுத் தொழிலாளர் லயத்தை இடித்தபிறகு புக்கிட் ரோத்தானில் ஒரு மலிவு வீட்டுக்குக் குடிவந்தார். வேன் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றினார், விடுமுறையில் மின்மினி பார்க்க வருகிறவர்களை ஏற்றினார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு ஊர்க்கதை இலவசம். வீட்டில் மட்டும் பேச்சு முழுக்க மனைவி புஷ்பாவினுடையது. அவர் தலையாட்டுவார். அந்த வீட்டில் சண்டை இல்லாமல் போனதற்கு அவருடைய கழுத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள், ரமணி. ஏழு வருடத்துக்கு முன்னால் தஞ்சோங் காராங்கில் வயல் வைத்திருக்கும் ஒரு மலாய்ப் பையனை விரும்பி, மதம் மாறிக் கட்டிக்கொண்டு போனாள். புஷ்பா அன்றைக்கே குளியலறையில் நின்று தலை முழுகினாள். மறுநாளிலிருந்து ரமணி பெர்த்தில் நர்ஸ். கேட்டவர்களுக்கெல்லாம் அதுதான் பதில். தீபாவளிக்குக் கிள்ளானில் வாங்கிய சாக்லேட்டை “மக அனுப்புனது” என்று அக்கம்பக்கத்தில் கொடுப்பாள். அவர்களும் தின்றுவிட்டு, ஆஸ்திரேலியா சாக்லேட்டின் ருசியே தனி என்பார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் உடையப்பன் தஞ்சோங் காராங் வாய்க்கால் சாலையில் பீசாங் கோரேங் வாங்க வேனை நிறுத்தினார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் தலையில் தூடோங் முக்காடு கட்டிக்கொண்டு வாழைப்பழத்தைப் புரட்டியவள் நிமிர்ந்தாள். ரமணி. இடுப்பில் கைக்குழந்தை. பொட்டலத்தை நீட்டும்போது, “சூடா இருக்குப்பா, பாத்துச் சாப்பிடுங்க” என்றாள். அவர் வேனில் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றார். நாக்கு வெந்துபோனது.

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் “வேன் கழுவப் போறேன்” என்று கிளம்பிவிடுவார். சிலாங்கூர் முழுவதும் தேடினாலும் அவ்வளவு சுத்தமான பள்ளி வேன் கிடைத்திருக்காது. பேத்தி ஆலியா வளர்ந்து, தூரத்தில் வேனைக் கண்டதும் “தாத்தா” என்று ஓடிவரப் பழகினாள். புஷ்பாவிடம் அவர் மூச்சுவிடவில்லை. அவளுக்குத் தெரிந்தால் சனிக்கிழமை போய்விடும். வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ரஷ்யர்கள் வந்தார்கள்.

வரவழைத்தவர் உள்ளூர்க் கலை இலக்கிய மன்றத்துத் தலைவர் திருச்செல்வம். பொன்னாடை போர்த்த ஆள் கிடைக்காமல் ஒரு மாதம் போனால் அவருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்த டாக்டர் அன்பரசிக்கு அங்கே பழக்கமானவர்கள் இரண்டு பேர்: தமாரா என்ற எழுத்தாளர், இலியா என்ற படமெடுப்பவர். கோலசிலாங்கூரில் ஒரு மாலை, ராசா என்ற ஊரில் ஒரு மாலை, கடைசியாகப் புக்கிட் ரோத்தானில் ஒரு மாலை என்று ஏற்பாடு. மொழிபெயர்க்க அன்பரசி, வேன் ஓட்ட உடையப்பன்.

கோலசிலாங்கூரில் கூட்டம் சேரவில்லை. பரதநாட்டியம் ஆட வந்த பிள்ளைகளின் தாய்மார்களை உட்காரவைத்து மண்டபத்தை நிரப்பினார்கள். தமாரா தன் நாட்டில் இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி மெதுவாகப் பேசினார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, தமிழின் தொன்மையைப் பற்றி ரஷ்யாவில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். திருச்செல்வம் உடனே அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்.

ராசாவுக்குப் போக வேண்டிய நாள் சனிக்கிழமை. விருந்தாளிகள் காலையில் வயல் பார்க்க ஆசைப்பட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது உடையப்பனுக்கு. நேராக மகள் கடைக்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஆலியா “தாத்தா” என்று காலைக் கட்டிக்கொண்டாள். படம் எடுக்கலாமா என்று இலியா கேட்டபோது, வெளிநாட்டுக்காரர்தானே என்று ரமணி சிரித்துக்கொண்டே தலையசைத்தாள்.

திரும்பும் வழியில் தமாரா ஏதோ கேட்டார். “யாருன்னு கேக்குறாங்க அங்கிள்” என்றாள் அன்பரசி.

கையில் ஸ்டியரிங். கேட்கவா வேண்டும்? தலை முழுகியது, பெர்த், சாக்லேட், வேன் கழுவுவது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வீட்டுக்காரிக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொன்னார். மொழிபெயர்த்தவளுக்கும் கண் கலங்கியது. இதை எழுதலாமா என்று தமாரா அனுமதி கேட்டார்.

அறுபது வயதில் முதல்முறையாக ஒருவர் அவர் வாழ்க்கைக்கு அனுமதி கேட்கிறார். உடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ரஷ்ய மொழியில் எழுதினால் புக்கிட் ரோத்தானில் எவன் படிக்கப் போகிறான்? மாஸ்கோவில் நாலு பேர் படித்துவிட்டு அழுவார்கள். அழட்டும்.

“எழுதச் சொல்லுங்க டாக்டரம்மா. நல்லா எழுதச் சொல்லுங்க.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மறுநாள் புக்கிட் ரோத்தானில் கடைசி மாலை. திருச்செல்வம் போன் போட்டார். “அண்ணே, கெஸ்ட் ஒங்களப் பத்தி மேடையில பேசப்போறாங்களாம் லா. அக்காவக் கூட்டிக்கிட்டு வாங்க.” வேன் ஓட்டியதற்கு நன்றி சொல்வார்கள் போலும் என்று நினைத்தார் உடையப்பன். ஊரார் முன்னால் ஒருநாளாவது தன் பெருமையைப் புஷ்பா கேட்கட்டும் என்று ஆசை. பட்டுச் சேலை கட்டச் சொல்லி, அவரே முன்வரிசையில் உட்காரவைத்தார்.

தமாரா முதல்நாள் இரவு எழுதியதை வாசித்தார். அன்பரசி ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். ஒரு தகப்பன் வாரம் ஒருமுறை வேன் கழுவப் போகிறான் என்று தொடங்கியதுமே உடையப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிறுத்து என்று கையைக் காட்டியிருக்கலாம். கை எழவில்லை. அன்பரசிதான் என்ன நினைத்தாள்? பேரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை, அதனால் பாவமில்லை என்று நினைத்தாள். படித்தவர்களுக்குப் பாவத்தைப் பற்றி எப்போதுமே இப்படி ஒரு சௌகரியமான எண்ணம் உண்டு. அடுத்து இலியா என்ன காட்டப் போகிறார் என்பது அவளுக்கும் தெரியாது.

விளக்கை அணைத்தார்கள். சுவரில் வயல் தெரிந்தது. எண்ணெய்ச் சட்டி தெரிந்தது, புரட்டுகிற கை தெரிந்தது. பிறகு சுவர் முழுக்க ரமணியின் முகம். “தாத்தா” என்று ஒரு குழந்தை கை நீட்ட, உடையப்பன் குனிந்து தூக்கினார்.

“ஏய், நம்ம ரமணி லா! பெர்த்துல இருக்குன்னாங்க?” பின்வரிசையில் ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. திருச்செல்வம் மேடையிலிருந்து இறங்கியே வந்து, “இவரல்லவா தகப்பன்!” என்று உடையப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார். தமாரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டுவிட்டுத்தான் எழுதினார். உடையப்பன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். புஷ்பா அவரைப் பார்க்கவில்லை. படம் முடிந்துபோன வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தேநீரை வைத்துவிட்டுக் கேட்டாள். “எத்தன வருஷமா?”

“நாலு.”

“நாலு வருஷமா நா ஒருத்தி மட்டும் தலகாணிய நனைச்சிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க அங்க பேத்தியோட ஒக்காந்து பீசாங் கோரேங் தின்னுருக்கீங்க.”

“நீதானே தல முழுகுன புஷ்பா…”

“ஊருக்காக முழுகுனேன். பெத்த வயிறு முழுகுமா? யாராச்சும் ஒரு ஆளு வா போவோம்னு கூப்புட மாட்டாங்களான்னு கெடந்தேன். ஊரு பேரு தெரியாத வெள்ளக்காரிக்கிட்ட அவுத்து வுட்ட வாயி, எங்கிட்ட தெறக்க என்னா கேடு?”

அவள் மனதைக் கல் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனாரே தவிர, ஒருநாளும் அவர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. தன் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கு அவள் கல்லாக இருப்பது அவருக்கும் வசதியாக இருந்தது. அது அவருக்கே இப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் தேநீரைத் தள்ளிவைத்தார்.

அந்த வாரம் முழுக்க ஊரில் இதே பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேச்சோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. எந்தக் கடை, எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று படத்தில் பார்த்துவைத்துக்கொண்டு, கார் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இதற்கு முன்னால் ரஷ்யப் படம் இந்த ஊரில் இவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்டதே இல்லை.

சனிக்கிழமை புஷ்பா விடியலிலேயே குளித்துவிட்டு வந்து வேனின் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். மடியில் முறுக்கு டப்பா. அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தும் அவருக்கு வாய் திறக்கவில்லை.

கடை மூடியிருந்தது. எண்ணெய்ச் சட்டி இல்லை, அடுப்பு இல்லை, பலகை மேசைகூட இல்லை. பக்கத்தில் இளநீர் விற்ற மலாய்க்காரப் பெரியவர், வியாழக்கிழமையே சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். உடையப்பன் மகளுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது. புஷ்பா போனை அவர் கையோடு இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“ப்பா, இனிமே வராதீங்கப்பா. நாலு நாளா நம்மாளுங்க காடிய எடுத்துக்கிட்டு வந்து நின்னாங்க. புள்ளைய போட்டோ புடிச்சாங்க. தூடோங்கக் கழட்டிக் காட்டுன்னு ஒருத்தங்க கேட்டாங்க. மாமியாரு அழுவுறாங்க. அவரு வேற எடத்துக்குப் போவோம்னுட்டாரு. எங்கன்னு கேக்காதீங்க. அம்மா கோவமா இருப்பாங்க. நா யாருக்கிட்டயும் ஒன்னும் சொல்லலன்னு அவங்கக்கிட்ட சொல்லுங்கப்பா. ஒடம்பப் பாத்துக்கங்க.”

செய்தி முடிந்தது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு லோரி கடந்து போனது. உடையப்பன் வேனைக் கிளப்பச் சாவியைத் தொட்டார்.

புஷ்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறாள்.

“இன்னொரு தடவ போடுங்க” என்றாள்.