சந்தனத்தின் மேல் போட்ட பழி

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலமெல்லாம் அடுத்தவர் ஓட்ட, பின்னால் நின்று விசிலடித்தவன். எனக்கெல்லாம் கார் எதற்கு? வாங்க வைத்தது என் மனைவியின் சிறுநீரகம். வாரத்தில் மூன்று நாள், அரிமளம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் போகவேண்டும். அரசு ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம்தான். போய்வருவதுதான் பெரும்பாடு. முடித்து வெளியே வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பாள். ஒருநாள் டவுன் பஸ்ஸில் அவள் ஊசி குத்திய கையின் மேலேயே எவனோ பையோடு சாய்ந்துவிட்டான். கட்டு நனைந்து ரத்தம் வழிந்தது. நான் அவனைப் போட்ட சத்தத்தில் பஸ்ஸே நின்றது. அந்த மாதமே ஓய்வுப் பணத்தை எடுத்து, கரண்டில் ஓடுகிற கார் ஒன்றை வாங்கிவிட்டேன்.

முன்னால் ஏதாவது வந்தால் அதுவே பிரேக் போட்டுக்கொள்ளும் என்றார்கள். காரின் மூக்கில், கம்பெனி முத்திரைக்குப் பின்னால், அதற்கு ஒரு சென்சார் இருக்கிறதாம். வயதானவன் ஓட்டுகிற வண்டிக்கு நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. நிற்க முடியாததால் அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து, காரின் மூக்கில் அப்பு அப்பென்று அப்பினாள். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

"போதும்டி, காருக்குக் கல்யாணமா பண்ணப்போற?" என்றேன்.

"இது ஓடுனாத்தாங்க நான் ஓடுவேன். இதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?" என்றாள்.

அன்று சாயங்காலமே காரின் திரையில், புது அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்டது. பூஜையில் வைத்த வண்டியை யாராவது அன்றைக்கே தொடுவார்களா? மறுநாள் விஜயதசமி. காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, அவளையே பட்டனை அழுத்தச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அழுத்தினாள்.

அதற்கடுத்த டயாலிசிஸ் முடிந்து திரும்பிவருகிறோம். வெறும் ரோடு. ஒரு புளியமரத்து நிழல் மட்டும் குறுக்கே கிடக்கிறது. கார் தானாகப் பிரேக்கைப் பிடித்தது பாருங்கள், அவள் முன்னால் போய் பெல்ட்டில் தொங்கிவிட்டாள். பின்னால் வந்த மினி பஸ் உரசுகிற மாதிரி விலகிப் போனது. டிரைவர் எங்கள் குடும்பத்தையே வாயில் போட்டு மென்றுவிட்டுப் போனான். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கிளப்பினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, வண்டி நகரவே இல்லை.

அவளை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காரை லாரியில் ஏற்றித் திருச்சி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் கழித்து மேனேஜர் நேரில் வரச்சொன்னான். சின்ன வயசுப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். போனில் ஒரு படத்தைக் காட்டினான். முத்திரை இடுக்கு வழியாக இறங்கி, சென்சார் மேல் காய்ந்த சந்தனம்.

"சார், இதனாலதான். இதுக்கு வாரண்டி கிடையாது. சென்சார மாத்தணும்."

"தம்பி, அப்டேட் போட்டப்புறம்தானப்பா இப்படி ஆச்சு?"

"அப்டேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்."

அவன் சொன்ன தொகை என் கையில் இல்லை. ஓய்வுப் பணம் ஏற்கெனவே காராக நிற்கிறது. வீட்டில் வந்து மென்று விழுங்கிச் சொன்னேன். அவளுக்கு ஊசி போடும் கையில் வளையல் போடக்கூடாது. மற்றக் கையில் மட்டும் ஒரு ஜோடி கிடந்தது. சோப்புத் தண்ணீர் போட்டு அதைக் கழற்றி என் கையில் வைத்தாள். அடகுக்கடைக்குப் போய்விட்டு, பணத்தைக் கட்டிக் காரை எடுத்து வந்தேன்.

வந்த வண்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் டயாலிசிஸ். கிளம்பு என்றால், "நான் வரலைங்க" என்றாள்.

"ஏன், ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்புக்கு என்னைக்கு முடிஞ்சுச்சு? ஒங்க காசெல்லாம் எனக்கே போகுது. இப்பக் காரையும் என் கையாலேயே கெடுத்துட்டேன். இன்னும் எத்தனை நாளைக்குங்க? போதும், விட்ருங்க."

கோபப்பட்டேன். கெஞ்சினேன். வாடகைக் கார் கூப்பிடுகிறேன் என்றேன். "அதுக்கும் காசுதானே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த முறையும் போகவில்லை. கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

காலையில் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத்தான் திட்டினார். "இன்னைக்கு மெஷின் காலியில்ல, நாளைக்குக் காலையில எப்படியாவது கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை விட்டா நுரையீரல்ல தண்ணி கட்டிரும். அப்புறம் எங்க கையில இல்ல."

வெளியே வந்து காரை எடுத்தேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். வெயில், ரோட்டின் குறுக்கே ஒரு விளம்பரப் பலகையின் நிழல். மறுபடி அதே பிரேக். நெஞ்சு ஸ்டீயரிங்கில் போய் இடித்தது. இறங்கிக் காரின் மூக்கைத் தடவிப் பார்த்தேன். பளிச்சென்று துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு துளி சந்தனம் இல்லை. அடப்பாவிகளா! அப்படியே திருச்சிக்குத் திருப்பினேன். இந்தத் தடவை கிளம்பியது. மாட்டுவண்டி வேகத்தில் ஓரமாகவே ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன்.

மேனேஜர் காரில் ஒயரைச் செருகிக் கம்ப்யூட்டரைப் பார்த்தான். முகம் மாறியது.

"சார், அந்த அப்டேட்லதான் ஒரு சின்னப் பிரச்சனை. நெழலப் பார்த்துட்டு ஏதோ நிக்குதுன்னு நெனச்சுக்குது. நெறைய வண்டிக்கு இப்படி ஆயிருக்கு. புதுசா ஒண்ணு அனுப்பியிருக்காங்க, ஃப்ரீயாவே போட்டுத் தாரேன்."

"அப்ப நான் கட்டுன காசு?"

"சென்சார மாத்தியாச்சுங்களே சார். காசத் திருப்பித் தர்றது என் கையில இல்ல. மேல எழுதிப் போடுறேன்."

எழுதிப் போடுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா? நானும் சர்க்கார் வண்டியில் குப்பை கொட்டியவன்தான். வேறு நாளாக இருந்தால் அந்த மேஜையைப் புரட்டியிருப்பேன். அன்றைக்கு எனக்குக் காசு பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கை தரையில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள்தான் கண்ணுக்குள் நின்றாள். போனை எடுத்து வீட்டுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவன் முன்னால் நீட்டினேன்.

"என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லுங்க."

அவன் திகைத்துப்போய், "அம்மா, சாஃப்ட்வேர் சைடுல ஒரு சின்ன..." என்று இழுத்தான்.

"கம்பெனி பாஷையெல்லாம் வேணாம்ப்பா. சந்தனம் காரணமில்லைன்னு சொல்லு. அந்த ஒரு வார்த்தையச் சொல்லு" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு போனைக் கையில் வாங்கிக்கொண்டான். "அம்மா, சந்தனத்தால ஒண்ணும் ஆகலைங்கம்மா. தப்பு எங்க மேலதான். உங்களால காரு கெடலைங்கம்மா."

அந்தப் பக்கம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"அப்ப என் வளையலு, தம்பி?" என்றாள்.

அவன் போனை என்னிடமே நீட்டினான். அதற்குள் அவளே மறுபடி பேசினாள்.

"சரி விடுங்க. அவுகள வெரசா அனுப்பி வைங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகணும்."