எதுவும் ஆகாத வண்டி

விருத்தாசலம் ஜங்ஷன் டாக்சி ஸ்டாண்டில் தேவநாதனின் வெள்ளை அம்பாசடருக்குத் தனி மரியாதை இருந்தது. ஊரில் பாதிக் கல்யாணப் பெண்கள் அதில் ஏறித்தான் புகுந்த வீடு போனார்கள். பீங்கான் பொம்மை வாங்க மெட்ராஸிலிருந்து வரும் வியாபாரிகளை அழைத்துவர செராமிக் முதலாளிகள் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். வண்டியின் மீட்டர் லட்சத்தைத் தொட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பி, இரண்டாம் சுற்றையும் முடித்திருந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் அவர் சம்சாரம் கமலம் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பாள். "நம்மள வுட இது அதிகமா ஊரு பாத்துருக்குது" என்பாள்.

தொண்ணூற்று இரண்டாம் வருஷம் பங்குனியில் கமலத்துக்கு நெஞ்சு வலித்தது. உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரே பெண் ஆதிலட்சுமி பிளஸ் டூ பரீட்சை எழுதப் போயிருந்தாள். துணைக்கு ஆள் தேட நேரமில்லை. கமலத்தைப் பின்சீட்டில் படுக்கவைத்து, வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். அவளும் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாள். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் அந்த 'ம்' நின்றது. கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்தார். தூக்கம் கெடக்கூடாதென்று அதற்குப் பிறகு ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார் அந்த மனுஷன்.

காரியம் முடிந்து வண்டியை ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தார். யாரும் ஏறவில்லை. சாவு விழுந்த வண்டி என்று ஊர் பேசியது. பஸ்ஸில் யார் செத்தார், ரயிலில் யார் செத்தார் என்று விசாரித்தா ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள்? டாக்சிக்கு மட்டும் அந்தச் சட்டம். வைகாசி, ஆவணி இரண்டு முகூர்த்த மாதமும் சும்மா போயின. இந்த வண்டி போனால்தான் வேறு வண்டி, வேறு வண்டி வந்தால்தான் வீட்டில் அடுப்பு என்று ஆயிற்று. அவருக்கும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கும் தெம்பு இல்லை.

"உள்ளூர்ல ஒருத்தனும் வாங்க மாட்டான். பேப்பர்ல போடுவோம்ண்ணே, வெளியூர்க்காரன் வருவான்" என்றார் கூட வண்டி ஓட்டும் பழமலை. "கேட்டா எதுவும் ஆவலன்னு சொல்லிடுங்க. பொண்ணு மொகத்த நெனச்சிக்கங்க."

வரி விளம்பரத்தைப் பார்த்து ஜெயங்கொண்டத்திலிருந்து ராஜவேல் என்பவர் மனைவி சௌந்தர்யாவோடு வந்தார். வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். தேவநாதனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மீட்டர நம்பாதீங்க, ரெண்டு சுத்து சுத்திடுச்சு. செகண்ட் கியர் சமயத்துல நழுவும். மழ வந்தா இடது பக்கம் ஒழுவும்."

கூட வந்து நின்ற பழமலை பல்லைக் கடித்தார். ராஜவேலோ சிரித்தார். "விக்கிறவரே இவ்வளவு கொற சொல்லி நான் கேட்டதில்லிங்க."

சௌந்தர்யா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கமலத்தின் தலை இருந்த இடம் அது.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. வண்டியில உசுரு கிசுரு போயிருக்குதா?"

தேவநாதன் தரையைப் பார்த்தார். "இல்லம்மா. எதுவும் ஆவல."

"அவரு பொய் சொல்றவரா இருந்தா கியரப் பத்திச் சொல்லிருப்பாரா?" என்று மனைவியைக் கடிந்துகொண்டார் ராஜவேல். நல்ல மனுஷன் என்று பெயரெடுத்ததற்காக தேவநாதன் அன்றைக்குக் கூசியதுபோல் எந்தத் திருடனும் கூசியிருக்க மாட்டான்.

எல்லாம் பேசி முடிந்தது. ஆதிலட்சுமி காபி கொண்டுவந்தாள். கதவோரம் நின்று அப்பா சொன்னதைக் கேட்டிருந்தாள் அவள்.

"அம்மா எங்க கண்ணு?" என்றாள் சௌந்தர்யா. "வண்டிய இப்படி வச்சிருக்கிற வூட்டுக்காரம்மாவ ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னுதான்."

தேவநாதன் பழமலையைப் பார்த்தார். பழமலை தொண்டையைச் செருமினார். செத்துவிட்டாள் என்றால் எப்போது, எங்கே, எப்படி என்று கேள்வி வரும்.

"அம்மா பெண்ணாடம் போயிருக்குதுக்கா, மாமா வூட்டுக்கு" என்றாள் ஆதிலட்சுமி. "சாயங்காலம் வந்துடும்."

"வந்ததும் சொல்லு, வண்டிய நாங்க நல்லாப் பாத்துக்குவோம்னு."

"சொல்றேங்க்கா."

காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தேவநாதன் சாவியை ராஜவேலிடம் கொடுத்தார். கொடுத்தும் சாவியைச் சட்டென்று விடாததைப் பார்த்து, பழகிய வண்டி, பாசம் இருக்கத்தானே செய்யும் என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார் ராஜவேல். வண்டி தெருமுனை திரும்பியது. பழமலையும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

உள்ளே ஆதிலட்சுமி கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். தேவநாதன் குழாயை மூடினார். தான் சொன்ன பொய்யை எப்படியும் தாங்கிக்கொள்ளலாம். பெற்ற பெண்ணைச் சொல்லவைத்ததைத் தாங்க முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தார்.

அவள் திரும்பாமலே பேசினாள்.

"அப்பா, அந்த அக்காகிட்ட சொல்லும்போது, கொஞ்ச நேரம் அம்மா நெசமாவே பெண்ணாடத்துல இருக்குற மாரியே இருந்துச்சுப்பா."

தேவநாதனுக்கும் அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் வந்துடும் என்று அவள் சொன்னபோது, எத்தனை மணி பஸ்ஸு என்று கேட்க வாயெடுத்துவிட்டார். அதை இப்போது எப்படிச் சொல்வது? மகளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.