செத்த பிறகுதான் அவருக்குப் பேச்சு

டோர்ட்மண்டில் எங்கள் தெருமுனைத் தேவாலய மண்டபத்தில் பென்சன் எடுத்த சிலர் சேர்ந்து வருசத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். ஒரு நாள்தான் மேடை. போன வருசம் என்ர மனுசனையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் முப்பது வருசம் சண்டை நடந்து ஊரெல்லாம் எரிந்த ஆயிரத்து அறுநூறுகளில் எழுதின துன்பக் கதை. இவருக்கு, அரசன் கொல்விக்கிற மந்திரி வேசம்.

அதற்கு முந்தின வருசம்தான் இவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது.

"இஞ்சேருங்கோ, வேற வேசம் இல்லையோ? காவல்காரன், கீவல்காரன்?"

"காவல்காரனும் சாகிறான். அந்தக் காலத்து நாடகத்திலை சாகாத ஆளே இல்லையப்பா."

"அந்தக் கதையை என்னட்டைச் சொல்லாதேங்கோ."

அவர் பிறகு சொல்லவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் பாடமாக்குவார். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இங்கேயும் கடைக்குப் போகிற ஜெர்மன்தான். ஆனால் 'டோட்' என்றால் சாவு என்று தெரியும். அந்தச் சொல் காதில் விழுந்தால் குசினியில் சமையல் புகை இழுக்கிற மெசினைப் போட்டுவிடுவேன்; அந்த இரைச்சலில் அவர் சொல்வது ஒன்றும் கேளாது.

நாடகத்தன்று முன்வரிசையில் எனக்குக் கதிரை, பக்கத்தில் கீழ்வீட்டுத் தமிழ்ப் பிள்ளை. இவர் மண்டியிட்டார். வாள் இறங்கியது. விழுந்தவரின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடினார்கள். நடிப்பென்று தெரியும். ஆனாலும் கை தன்பாட்டில் தாலியைப் பிடித்துவிட்டது. எழும்பி வெளியே போய், கோட்டுகள் தொங்குகிற இடத்தில் நின்று ஊன்ட்றொப் கோயில் அம்பாளைக் கூப்பிட்டேன். செத்தவருக்கு மேடையில் இனி என்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

கைதட்டல் அடங்க, கீழ்வீட்டுப் பிள்ளை ஓடி வந்தாள்.

"அக்கா, எங்கை போனனீங்கள்? அண்ணை துணியோடை எழும்பி நிண்டெல்லோ கதைச்சவர்!"

அந்தக் காலத்து நாடகங்களில் செத்தவர்கள் ஆவியாய் வந்து கதைப்பது வழக்கமாம். உயிரோடு இருக்கும்வரை மந்திரிக்கு நாலு சொல்தான். அரசனைக் கேள்வி கேட்கிற நீண்ட பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

"சனம் மூச்சு விடேல்லை அக்கா. ஒரு சொல்லும் தடக்கேல்லை. உங்கடை கதிரையைப் பாத்துப் பாத்துக் கதைச்சவர்."

ஆலையில் வேலை செய்த காலமெல்லாம் மேலாளுக்கு 'யா, யா' என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்த மனுசன்.

வீட்டுக்கு நடக்கையில் கேட்டேன்: "எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோவன்."

"செத்தவன் ஒருக்காத்தானப்பா எழும்பலாம்" என்றார். பகிடிதான். ஆனால் சிரிக்கவில்லை.

இப்போது அவர் குளிக்கப் போனால் நான் குசினி மெசினை நிற்பாட்டிவிட்டு நிற்கிறேன். தண்ணி விழுகிற சத்தம் மட்டும் வருகிறது.